பியர்ஸ் நோய்க்கு எதிராக நன்மை செய்யும் பாக்டீரியா: திராட்சைத் தோட்டத்தில் சோதனை வரிசை போட முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் நாபா, சொனோமா பக்கத்துத் தோட்டங்களில் ஆராய்ச்சி அனுமதியோடு சோதனை வரிசை போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் ஊசி குத்துவதைத்தான் கடினமான வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை. நோயே வராத இடத்தில் கொடியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், இல்லையென்றால் குளோரின் கலந்த தண்ணீரில் பாக்டீரியாவைக் கரைத்திருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கொடியைக்கூடச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

வேலைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். திராட்சைக் கொடியைக் காயவைக்கும் பியர்ஸ் நோயை உண்டாக்குவது சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. செடிக்குள் அது சைலம் எனப்படும் நீர்க்குழாய்களில் மட்டுமே வாழும். அந்தக் குழாய்ச் சாற்றை உறிஞ்சும் ஷார்ப்ஷூட்டர் என்ற தத்துப்பூச்சிகள் அதைக் கொடிக்குக் கொடி கொண்டுபோகின்றன. பாக்டீரியா பெருகப் பெருகக் குழாய்கள் அடைபட்டு, வேரில் ஈரம் இருந்தும் இலை காய்கிறது. ஆகவே நாம் கொடுக்கிற நல்ல பாக்டீரியாவும் அதே குழாய்க்குள் போயாக வேண்டும். இலைமேல் படிந்து கிடந்தால் பயனில்லை.

1. எந்தப் பாக்டீரியா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேச்சில் இரண்டு பெயர்கள் அடிபடும். இரண்டும் ஒன்றல்ல. தேர்வைப் பொறுத்து அனுமதி, பருவம், பரிசோதனை எல்லாமே மாறும்.

முதலாவது, பாராபர்கோல்டேரியா ஃபைட்டோஃபர்மான்ஸ் இனத்தின் பி.எஸ்.ஜே.என். என்ற ரகம். வெங்காய வேரிலிருந்து பிரித்தெடுத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்டீவன் லிண்டோவின் ஆய்வுக்குழு, இது திராட்சையின் நீர்க்குழாய்களில் பெருகி நகர்வதையும், இது இருக்கும்போது சைலெல்லாவின் எண்ணிக்கை வெகுவாகக் குறைவதையும் காட்டியது. கொடியின் சொந்தத் தற்காப்பை இது தட்டி எழுப்புகிறது என்றே கருதப்படுகிறது. இதன் குறை, கொடிக்குள் நெடுநாள் தங்காது. சில வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும்.

இரண்டாவது, ஈ.பி. 92-1. இது சைலெல்லாவேதான், ஆனால் நோய் உண்டாக்காத சாதுவான ரகம். ஃபுளோரிடாவில் எல்டர்பெர்ரி செடியிலிருந்து எடுத்தது. டொனால்ட் ஹாப்கின்ஸ் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார். இதை நோய் வருவதற்கு முன்பே இளங்கொடியில் ஏற்றிவிட வேண்டும். ஒரு பொறியும் இருக்கிறது: இதை ஏற்றிய கொடியிலிருந்து மாதிரி அனுப்பினால் வழக்கமான மரபணுப் பரிசோதனை ‘சைலெல்லா இருக்கிறது’ என்றே சொல்லும். நாம் வைத்த சாதுவையும் பூச்சி கொண்டுவந்த பகைவனையும் அது பிரித்துப் பார்க்காது. ரகத்தைப் பிரித்தறியும் பரிசோதனை கையில் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

முதல்முறை செய்பவர்களுக்கு பி.எஸ்.ஜே.என். போதும். மேற்கொண்டு சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

சைல்ஃபை-பி.டி. என்ற பெயரில் தண்டில் செலுத்தும் ஒரு சரக்கு உண்டு. அது பாக்டீரியா அல்ல, சைலெல்லாவைத் தாக்கும் வைரஸ்களின் கலவை. அதைச் செலுத்திவிட்டு ‘பாக்டீரியா போட்டேன்’ என்று குறிப்பேட்டில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. அனுமதியும் பழமும்

பதிவு பெறாத உயிர்ப்பொருளை நோய்க்கட்டுப்பாட்டுக்காகத் தோட்டத்தில் இட, கலிபோர்னியாவில் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறைத் துறையின் ஆராய்ச்சி அனுமதி வேண்டும். உயிருள்ள பாக்டீரியா வளர்ப்பை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவருவதாக இருந்தால் கூட்டாட்சி வேளாண் துறையின் அனுமதியும் தேவைப்படலாம். வளர்ப்பைத் தரும் ஆய்வகத்திடமே கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உரிமையாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் பழம். உணவில் இருக்கலாம் என்று விலக்கு பெறாத பொருளை இட்ட கொடியின் பழத்தை விற்கவோ ஒயினாக்கவோ முடியாது, அழிக்க வேண்டும். இதை அறுவடைக்கு முந்தைய வாரம் சொன்னால் அடுத்த ஆண்டு உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். எத்தனை கொடியின் பழம் போகும் என்று எண்ணி, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதனாலேயே சோதனையைச் சிறிதாக வைப்பதும் நல்லது.

3. முந்தைய இலையுதிர்காலத்திலேயே கொடிகளைக் குறியுங்கள்

பாக்டீரியா கொடுப்பது வசந்தத்தில். ஆனால் எந்தக் கொடிக்கு என்பது அதற்கு முந்தைய ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தோட்டத்தில் நடந்து பார்த்து முடிவாக வேண்டும். பியர்ஸ் நோயின் அடையாளங்கள் அப்போதுதான் முழுதாகத் தெரியும். ஏப்ரலில் எல்லாக் கொடியும் பச்சையாகத்தான் இருக்கும்.

நான்கு அடையாளங்கள் பாருங்கள். இலை விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காயும், காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளை ரகங்களில் மஞ்சளாகவும் கருப்பு ரகங்களில் சிவப்பாகவும் ஒரு பட்டை ஓடும். இலைப்பரப்பு மட்டும் கழன்று விழ, காம்பு தீக்குச்சி போலக் கொடியிலேயே நிற்கும். தண்டு பழுப்பாக முதிரும்போது நடுநடுவே பச்சைத் திட்டுகள் மிஞ்சும். குலை வாடிச் சுருங்கும்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். உப்பு நீர் பாய்ந்தாலும் விளிம்பு கருகும், ஆனால் அது கொடி முழுக்க ஒரே சீராக இருக்கும். பியர்ஸ் நோய் ஒரு கிளையில் இருக்கும், பக்கத்துக் கிளையில் இருக்காது. எஸ்கா என்ற தண்டு நோயில் நரம்புகளுக்கு இடையே புலிக்கோடு போல வரும். இலைச்சுருள் வைரஸில் இலை சிவக்கும், விளிம்பு காயாது. தீக்குச்சிக் காம்பும் பச்சைத் திட்டும் சேர்ந்து தெரிந்தால் நான் ஏறக்குறைய உறுதியாவேன். அப்போதும் இலைக்காம்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பிறகு கொடிகளை மூன்றாகப் பிரியுங்கள்: அறிகுறி இல்லாதவை, ஒரு கிளையில் மட்டும் தெரிபவை, முழுதும் பரவியவை. மூன்றாவது வகையைச் சோதனையில் சேர்க்க வேண்டாம். இரண்டு ஆண்டாகக் காய்ந்துகொண்டிருக்கும் கொடியைப் பாக்டீரியா எழுப்பி நிறுத்தாது. அவற்றைப் பிடுங்கி எறியச் சொல்வதே தோட்டத்துக்குச் செய்யும் நன்மை. முதலிரண்டு வகைகளில் ஒவ்வொரு கொடிக்கும் எண்ணிட்ட உலோகத் தகடு கட்டுங்கள். வண்ண நாடா கட்டினால் கவாத்து செய்பவர்கள் தண்டோடு சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

4. வரிசையை எங்கே போடுவது, எதோடு ஒப்பிடுவது

வடக்குக் கடற்கரைத் தோட்டங்களில் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் நீலப்பச்சை ஷார்ப்ஷூட்டர். அது ஓடைக்கரைப் புதர்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கொடி துளிர்க்கும்போது தோட்டத்துக்குள் வரும். எனவே ஓடையை ஒட்டிய வரிசைகளில்தான் நோய் அடர்த்தி. தோட்டத்தின் நடுவில் சோதனை போட்டால் பாக்டீரியா கொடுத்த கொடியும் நன்றாக இருக்கும், கொடுக்காததும் நன்றாக இருக்கும், எதுவும் தெரியாது. தெற்கே டெமெக்குலா பக்கம் கதை வேறு: அங்கே கண்ணாடிச் சிறகு ஷார்ப்ஷூட்டர் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளிலிருந்து வரும், வெகுதூரம் பறக்கும், முதிர்ந்த தண்டிலும் உறிஞ்சும். அங்கே ஓரம், நடு என்ற கணக்கு இந்த அளவுக்குச் செல்லாது.

ஓடையிலிருந்து தள்ளிப்போகப் போக நோய் குறையும் என்பதால், ஒரு வரிசை முழுக்கப் பாக்டீரியாவும் அடுத்த வரிசை முழுக்க வெறும் தண்ணீரும் கொடுப்பது தப்பு. ஓடைப்பக்க வரிசைக்கு நோய் கூட, உள்வரிசைக்குக் குறைவு என்பதையே நீங்கள் அளந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் இரண்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கலந்து வையுங்கள். தெளிப்பு முறை என்றால் நடுவில் ஒன்றிரண்டு கொடிகளைச் சும்மா விடுங்கள், காற்றில் சாரல் அடிக்கும்.

ஒப்பீட்டுக் கொடிக்கும் அதே கரைசல், அதே ஊசி, தெளிப்பதாக இருந்தால் அதே சிலிக்கோன் திரவம் (9-ஆம் படியில் வரும்). பாக்டீரியா மட்டும் இருக்காது. ‘சும்மா விட்ட கொடிதான் பக்கத்தில் இருக்கிறதே’ என்பார்கள். ஊசிக் காயமும் திரவமும் கொடியை என்ன செய்கின்றன என்று அதில் தெரியாது.

தோட்டத்தில் நோய்க்கிருமியை நீங்களே ஊசி போட்டு ஏற்றுவது கூடவே கூடாது. அது பூச்சி புகாத கண்ணாடிக்கூடத்துக்குள் செய்யும் வேலை.

5. தெளிப்பு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்

நோய்களுக்கு அடிக்கும் காப்பர் (செம்பு) மருந்தை எப்போது தெளித்தார்கள், அடுத்து எப்போது தெளிப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாக்டீரியாவை வளர்க்கவே ஆரம்பிக்காதீர்கள். காப்பர் பாக்டீரியாவைக் கொல்லும். இலையில் படிந்த மிச்சமும், தொட்டியின் அடியில் தங்கிய மிச்சமும் போதும்.

தோட்டத்தின் தெளிப்பானைக் கடன் வாங்காதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும். இந்த வேலைக்கென்று புதிய கைத்தெளிப்பான் ஒன்று வாங்கி, மேலே பெயர் எழுதி, உங்கள் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத்தை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நான் இரண்டுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி கேட்டு வாங்குவேன், அவ்வளவுதான்.

6. வளர்ப்பும் தண்ணீரும்

பி.எஸ்.ஜே.என். வளர்ப்பது எளிது. ஆய்வகத்து வளர்ப்புத் தட்டில் 28 டிகிரி செல்சியஸில் இரண்டு நாளில் வந்துவிடும். சைலெல்லாவுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். தோட்டத்தில் இருந்து திரும்ப எடுக்கும்போது மற்ற பாக்டீரியாக்களில் இருந்து பிரித்தறிய, ரிஃபாம்பிசின் மருந்தைத் தாங்கும் மாற்றுவகையைப் பயன்படுத்துவது வழக்கம். அது இல்லாவிட்டால் தட்டில் வளர்வது உங்கள் பாக்டீரியாவா, இலையில் ஏற்கெனவே இருந்ததா என்று சொல்ல முடியாது.

கரைசலில் ஒரு மில்லிக்கு 10 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். கலங்கலின் அடர்த்தியை அளந்து மட்டும் நம்பாதீர்கள். செத்த செல்லும் கலங்கலாகத்தான் தெரியும். நீர்த்துத் தட்டில் பரப்பி எண்ணுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு வசந்தத்தில் கரைசல் போதாமல் போக, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பிக்கொண்டேன். அன்றைக்கு மிச்சக் கரைசலைத் தட்டில் பரப்பியிருந்ததால் தப்பித்தேன். மூன்றாம் நாள் தட்டு வெறுமையாக இருந்தது. குளோரின் எல்லாவற்றையும் முடித்திருந்தது. பரப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் இலையுதிர்காலத்தில் ‘இந்தப் பாக்டீரியா வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருப்பேன். இப்போது நடுநிலைப் பாஸ்பேட் கரைசலைக் கேன்களில் தேவைக்கு ஒன்றரை மடங்கு கொண்டுபோகிறேன். புறப்படும்போது ஒரு தட்டு, வேலை முடிந்து திரும்பியதும் ஒரு தட்டு பரப்புகிறேன். இரண்டாவது தட்டுதான் உண்மையைச் சொல்லும்.

கேன்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

7. நாளும் நேரமும்

பருவம்: துளிர் விட்டு, இலை விரிந்து, ஷார்ப்ஷூட்டர் உள்ளே வரத் தொடங்கும் நாள்கள். வடக்கில் ஏப்ரல் முதல் ஜூன் வரை. மஞ்சள் ஒட்டும் அட்டைகளை ஓடைப்பக்கம் முன்கூட்டியே தொங்கவிட்டால் பூச்சி வந்த நாள் தெரியும்.

ஏன் அந்த நாள்கள்? கோடைக் கடைசியில் ஏறும் கிருமி பெரும்பாலும் தண்டின் நுனியிலேயே இருக்கும். குளிரில் சாகும், அல்லது கவாத்தில் வெட்டுண்டு போகும். வசந்தத்தில் ஏறுவதற்குத்தான் அடித்தண்டு வரை இறங்கக் காலம் கிடைக்கிறது. நம் பாக்டீரியா தங்குவதோ சில வாரம். இரண்டும் ஒரே நேரத்தில் கொடிக்குள் இருந்தால்தான் பலன். மார்ச்சிலேயே ‘முன்னெச்சரிக்கையாக’ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், கிருமி வரும்போது காவலே இல்லாத கொடியை வைத்திருப்பார்கள். ஒருமுறை கொடுத்து நிறுத்தாமல் மூன்று, நான்கு வார இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு முறை கொடுக்கும்படி திட்டமிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கவாத்துக்குப் பின், துளிர்ப்பதற்கு முன், வெட்டுவாயில் கொடி ‘அழுவதை’ப் பார்த்திருப்பீர்கள். அப்போது வேர் சாற்றை மேலே தள்ளுகிறது. அந்த நிலையில் ஊசி குத்தினால் சாறு வெளியே வரும், உங்கள் சொட்டு உள்ளே போகாது.

8. ஊசி முறை

ஒப்பீட்டுக் கொடிகளை முதலில் முடியுங்கள். பாக்டீரியாக் கொடிகள் பிறகு. வரிசை மாறினால் கையுறையிலும் தட்டிலும் ஒட்டிய பாக்டீரியா ஒப்பீட்டுக் கொடிக்குப் போய்விடும். கொடிக்கு ஒரு புதிய ஊசி. பழையதைக் கூர்மைக்கழிவு டப்பாவில் போடுங்கள்.

பச்சைத் தண்டின் அடிப்பக்கம், முதல் சில இடைக்கணுக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து 20 மைக்ரோலிட்டர் சொட்டை அதன்மேல் வைத்து, சொட்டின் ஊடாகவே, பூச்சி மாதிரிகளைக் குத்தி வைக்கும் மெல்லிய ஊசியால் குத்துங்கள். குழாய்க்குள் சாறு இழுபட்டுக்கொண்டே இருப்பதால் சொட்டு கண்ணெதிரே மறையும். மறைவதைப் பார்த்த பிறகே அடுத்த கொடிக்குப் போங்கள்.

மறையவில்லையா? மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். மேகமூட்டம், இலை நீரை வெளிவிடவில்லை. அல்லது காலையில்தான் சொட்டுநீர் ஓடியிருக்கிறது, கொடிக்குத் தாகமில்லை. அல்லது ஊசி பட்டையோடு நின்றுவிட்டது. முதல் இரண்டுக்கும் மருந்து காத்திருப்பதுதான். பாசனக்காரரிடம் முந்தின நாளே பேசி அன்றைய நீரைத் தள்ளிவைக்கச் சொல்வது உத்தமம். பனி காய்ந்த பிறகு, உச்சி வெயிலுக்கு முன் வேலையை முடியுங்கள். மதியத்தில் சொட்டு உள்ளே போகிறதா, வெயிலில் காய்ந்துபோகிறதா என்றே தெரியாது.

9. தெளிப்பு முறை

ஏக்கர் கணக்கில் ஊசி குத்த முடியாது என்பதால் எல்லோருக்கும் தெளிப்பின் மேல்தான் கண். முறையும் எளிதுதான், ஆனால் நம் ஊரில் ஒட்டுத்திரவம் என்று சொல்வதை இதில் கலந்து பயனில்லை. அது இலைமேல் ஒட்டவைக்கும். நமக்கு வேண்டியது நீரின் பரப்பு இழுவிசையை மிகவும் குறைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழையவைக்கும் ஆர்கனோ-சிலிக்கோன் திரவம். 0.2 சதம், அதாவது லிட்டருக்கு 2 மில்லி. அதைக் கடைசியில், தெளிப்பதற்குச் சற்று முன் மட்டும் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். அமிலமோ காரமோ ஏறிய நீரில் அது சிதைந்துவிடும், நடுநிலைக் கரைசல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திராட்சையின் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலிருந்து தெளித்துவிட்டுப் போனால் எல்லாம் வீண். முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பிடித்து, இலையின் அடி நன்றாக நனையத் தெளியுங்கள். நேரம், காலை வெளிச்சம் வந்து துளைகள் திறந்த பிறகு. உள்ளே போனதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்: இலையில் எண்ணெய் பட்ட காகிதம் போலக் கருத்த, ஈரம் ஊறிய திட்டுகள் தோன்றும். அவை இல்லையென்றால் தெளித்தது குளிப்பாட்டியதற்குச் சமம். கடும் வெயிலில் இந்தத் திரவம் இலையைச் சுடும், ஆகவே முதலில் இரண்டு கொடிகளில் தெளித்து மறுநாள் வரை பாருங்கள்.

நம் ஊரில் சூடோமோனாஸ் பொடியைத் தொழு உரத்தில் கலந்து வேரில் இட்டுப் பழகியவர்கள், இதையும் வேரிலேயே ஊற்றலாமே என்று கேட்கிறார்கள். இளஞ்செடிகளில் பி.எஸ்.ஜே.என். வேர்வழி நுழைந்து மேலே ஏறுவது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. முதிர்ந்த கொடியில் வேருக்கு ஊற்றியதை மட்டும் நம்பி நான் சோதனை வைக்க மாட்டேன்.

10. பூச்சி வேலையை நிறுத்தாதீர்கள்

பாக்டீரியா பூச்சியைக் கொல்லாது, விரட்டாது. வளர்ந்த ஷார்ப்ஷூட்டர் ஒருமுறை கிருமியை ஏற்றுக்கொண்டால் சாகும்வரை பரப்பும். குஞ்சுகள் மட்டும் தோலுரிக்கும்போது அதை இழக்கும், ஏனென்றால் கிருமி ஒட்டியிருக்கும் முன்குடல் உறையும் தோலோடு சேர்ந்து உரிந்துபோகிறது. ஓடைக்கரைப் பராமரிப்பு, நோய்க்கொடி பிடுங்குதல், உரிமையாளர் வழக்கமாகச் செய்யும் பூச்சிக் கட்டுப்பாடு எல்லாம் அப்படியே நடக்கட்டும். சோதனைக் கொடிக்கும் ஒப்பீட்டுக் கொடிக்கும் ஒரேமாதிரி நடந்தால் போதும்.

11. மாதிரி எடுப்பது

இரண்டு தனித்தனிக் கேள்விகள், இரண்டு தனித்தனி மாதிரிகள்.

நம் பாக்டீரியா உள்ளே இருக்கிறதா? கொடுத்து இரண்டு, நான்கு, எட்டு வாரங்களில் இலைக்காம்புகளை எடுத்து, வெளிப்புறத்தைக் கிருமிநீக்கி, அரைத்துத் தட்டில் பரப்புங்கள். ஊசி குத்திய இடத்துக்கு அருகிலிருந்தும் தள்ளியிருந்தும் எடுங்கள், நகர்ந்ததா என்று தெரியும். வெளிப்புறத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் இலைமேல் ஒட்டியிருப்பதை எண்ணி ஏமாறுவீர்கள்.

சைலெல்லா குறைந்ததா? இதற்கு ஆகஸ்டு வரை பொறுங்கள். கொடியில் நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரு இலையில் இல்லை என்பது கொடியில் இல்லை என்றாகாது. கொடிக்குப் பல காம்புகள், பல கிளைகளில் இருந்து. மரபணுப் பரிசோதனை செத்த கிருமியையும் எண்ணும் என்பதால், முடிந்தவரை தட்டில் வளர்த்தும் பாருங்கள்.

12. இரண்டாவது இலையுதிர்காலம் வரை எதுவும் சொல்லாதீர்கள்

முதல் ஆண்டு நோய் கண்ட கொடி, குளிர்காலம் கடந்து தானாகவே குணமாவது நாபா, சொனோமா பக்கம் சாதாரணம். பாக்டீரியா கொடுத்த கொடி அடுத்த ஆண்டு பச்சையாக நின்றால் உரிமையாளர் உங்கள் கையைக் குலுக்குவார். அந்த நேரத்தில் ஒப்பீட்டுக் கொடிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு நடங்கள். அவற்றிலும் அதே அளவு குணமாகியிருந்தால் குணமாக்கியது குளிர்தான்.

மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் கொடி எது என்று தெரியக்கூடாது. தகட்டு எண்ணை மட்டும் கொடுத்து, காய்ந்த இலைகளை எண்ணச் சொல்லுங்கள். வசந்தத்தில் ஒருமுறை, துளிர் தாமதமாகக் குட்டையாக வருகிறதா என்று பார்க்க. இலையுதிர்காலத்தில் ஒருமுறை, நான்கு அடையாளங்களுக்கு. ரகத்தின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். ஷார்டனேயும் பினோ நுவாரும் சீக்கிரம் விழும், ஷெனின் பிளாங்க் தாங்கி நிற்கும். இரண்டு ரகத்துக் கொடிகளை ஒரே கூட்டலில் சேர்த்துவிட்டு, கணக்கு ஏன் குழம்புகிறது என்று ஒரு மாணவர் என்னோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். தாளில் ரகத்துக்கு ஒரு கட்டம் போதுமாயிருந்தது.